பாஸ்டன் பெரணி மஞ்சளாகிறது: தண்ணீரா, உரமா, பூச்சியா?

வாணி_பூச்சோங்

வணக்கம். பெரணி வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். எங்கள் வீடு பூச்சோங்கில் ஒரு கொண்டோவில், உயரமான மாடியில் இருக்கிறது. பால்கனியில் ஒரு பாஸ்டன் பெரணி தொங்கவிட்டிருந்தேன். சுங்கை பூலோ நர்சரி வரிசையில் வாங்கும்போது சட்டியே தெரியாத அளவுக்கு அடர்த்தியாக இருந்தது. தீபாவளிக்கு விருந்தினர் வருவார்கள் என்று அதை வரவேற்பறைக்குக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் சட்டியோடு ஒரு பீங்கான் சட்டிக்குள் இறக்கி வைத்தேன். பண்டிகை முடிந்து மறுபடியும் பால்கனிக்குப் போய்விட்டது. இப்போது அந்தப் பீங்கான் சட்டியோடு ஒரு ஸ்டூல் மேல் இருக்கிறது.

அடியில் உள்ள இலைகள் மஞ்சளாகின்றன. தொட்டால் சின்னச் சின்ன இலைகள் தரையெல்லாம் உதிர்கின்றன. மஞ்சள் இப்போது நடுப்பகுதிக்கும் ஏறிவிட்டது. தினமும் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றுகிறேன். அம்மா தண்ணீர் போதவில்லை என்கிறார். பக்கத்து வீட்டு ஆன்ட்டி யூரியா ஒரு பிடி போடச் சொல்கிறார். இலைக்குப் பின்னால் பழுப்புப் புள்ளிகள் வேறு இருக்கின்றன, பூச்சி முட்டையா என்று தெரியவில்லை. எதை முதலில் செய்வது?

கெப்போங்_தோட்டக்காரன்

வாணி, முதலில் யூரியா வேண்டாம். பெரணியின் வேர் மெல்லியது. ஒரு பிடி யூரியா போட்டால் இருக்கிற வேரும் கருகிவிடும். நோய் இன்னதென்று தெரியும் வரை சட்டிக்குள் எதுவும் போடாதீர்கள்.

எனக்குச் சில விவரங்கள் வேண்டும். சட்டியைத் தூக்கினால் கனமாக இருக்கிறதா, லேசாக இருக்கிறதா? விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விட்டால் ஈரமா, உலர்ந்து கிடக்கிறதா? விரலை முகர்ந்து பாருங்கள், மழை பெய்த மண்வாசனையா, புளித்த வாடையா? பீங்கான் சட்டிக்கு அடியில் ஓட்டை உண்டா? புதிதாகச் சுருண்டு வரும் குருத்துகள் என்ன நிறம்? பால்கனி எந்தத் திசை?

குருத்தை ஏன் கேட்கிறேன் என்றால், மஞ்சள் எங்கே தொடங்கியது என்பதுதான் பாதி விடை. தழைச்சத்து, மக்னீசியம் இவை குறைந்தால் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்குக் கொடுத்துவிடும். அதனால் பழைய இலை முதலில் வெளுக்கும். இரும்புச்சத்தை அப்படி நகர்த்த அதனால் முடியாது. அது குறைந்தால் புது இலைதான் மஞ்சளாகும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். வேர் அழுகினால் பழைய இலை முதலில் போகும், அப்புறம் எல்லாமே சோர்ந்துவிடும். அடியில் ஓரிரு இலை மட்டும் மஞ்சளாகி மேலே செழிப்பாக இருந்தால் அது வயது முடிந்த இலை. வெட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம்.

ஆயர்ஈத்தாம்_அக்கா

வாணிம்மா, பெரணிக்குக் காற்றில் ஈரம் வேண்டும். நீ வரவேற்பறையில் ஏர்கோன் போட்டிருப்பாய், அதில்தான் காய்ந்திருக்கும். ஒரு அகலத் தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, அதன் மேல் சட்டியை வை. காலையும் மாலையும் இலை மேல் தண்ணீர் தெளி. எல்லாக் காணொளியிலும் இதைத்தான் சொல்கிறார்கள். நானும் பினாங்கில் அப்படித்தான் வைத்திருக்கிறேன், என் செடி நன்றாக இருக்கிறது.

ஜெலுத்தோங்_சிவா

அக்கா, மன்னிக்கவும், அந்தக் கூழாங்கல் தட்டைப் பற்றி எனக்கு ஒரு கவலை இருக்கிறது. தேங்கிய தண்ணீர் இருந்தால் ஏடிஸ் கொசு முட்டையிடும். நம் ஊர் வெப்பத்தில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கல்லுக்கு நடுவே இருக்கும் தண்ணீரில் புழு நெளிவது கண்ணுக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் டெங்கி வந்து ஆஸ்பத்திரி வரை போய் வந்தோம். அதற்குப் பிறகு சட்டிக்கு அடியில் தட்டே வைப்பதில்லை. சுகாதார அதிகாரிகள் சோதனைக்கு வந்து பூச்சட்டித் தட்டில் கொசுப்புழுவைக் கண்டால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்படி அபராதமும் போடலாம்.

தட்டு வைத்தே ஆக வேண்டும் என்றால் வாரம் ஒரு முறை கவிழ்த்துக் கொட்டிவிட்டு, உட்புறத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக் கணக்கில் உலர்ந்து கிடந்தும் சாகாது, மறுபடி நனைந்ததும் பொரியும்.

வாணி, உங்கள் பீங்கான் சட்டிக்குள் எட்டிப் பாருங்கள். எனக்கு அங்கேதான் சந்தேகம்.

கெப்போங்_தோட்டக்காரன்

சிவா சொன்னது சரி. அந்தத் தட்டு யோசனையே குளிர் நாட்டிலிருந்து வந்தது. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடேற்றுவார்கள், காற்று வறண்டுவிடும், பெரணி காயும். கோலாலம்பூர் பால்கனியில் காற்றின் ஈரம் சாதாரணமாகவே 70, 80 விழுக்காடு இருக்கும். பெரணிக்கு 50க்கு மேல் இருந்தாலே சமாளித்துக்கொள்ளும். வெளியே வைக்கும் செடிக்கு இந்த ஊரில் தட்டும் வேண்டாம், தெளிப்பானும் வேண்டாம். ஏர்கோன் அறைக்குள்ளேயே வைப்பவர்களுக்கு மட்டும் இது வேறு கதை.

அதேபோல் 'குளிர்காலத்தில் உரத்தை நிறுத்து, தண்ணீரைக் குறை' என்ற ஆலோசனையும் நமக்கு இல்லை. இங்கே செடி ஆண்டு முழுவதும் வளர்கிறது.

வாணி_பூச்சோங்

எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் பார்த்துவிட்டு வருகிறேன்.

சட்டி நல்ல கனம். மேல் மண் உலர்ந்த மாதிரி தெரிந்தாலும் விரல் உள்ளே போனதும் சொதசொதவென்று ஈரம். வாடை புளித்த மாவு போல இருக்கிறது. பீங்கான் சட்டிக்கு ஓட்டை இல்லை. உள் சட்டியைத் தூக்கினால் அடியில் நிறையத் தண்ணீர் நிற்கிறது. சிவா அண்ணே, புழு எதுவும் கண்ணில் படவில்லை. ஆனாலும் கொட்டித் தேய்த்துக் கழுவிவிட்டேன்.

குருத்துகள் வருகின்றன, ஆனால் குறைவு. சில குருத்து நுனி கறுத்துப்போய் விரியாமல் நின்றுவிட்டது. பால்கனி மேற்குத் திசை. மதியத்துக்கு மேல் வெயில் வரும், ஆனால் செடி சுவரோரம் நிழலில்தான் இருக்கிறது.

புள்ளிகளைப் பற்றி: இலைக்குப் பின்னால் ஓரத்தை ஒட்டி வரிசையாக, ஒரே அளவாக இருக்கின்றன. ஆனால் இலைத் தண்டில் வேறு மாதிரிச் சில மேடுகள் உண்டு. பழுப்பாக, உருண்டையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கின்றன. அதைச் சுற்றிக் கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. எறும்பும் ஏறுகிறது.

கெப்போங்_தோட்டக்காரன்

நல்ல விவரம். எறும்பைச் சொன்னதற்கு இரட்டை நன்றி.

இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கிறது. பெரியது வேர் அழுகல், சின்னது செதில் பூச்சி.

வரிசையாக இருக்கும் புள்ளிகள் பூச்சி இல்லை. அவை வித்துத் துகள் கூடுகள். பெரணிக்குப் பூவும் விதையும் கிடையாது, விதைக்குப் பதில் இவைதான். ஒவ்வொரு சிற்றிலையின் நடு நரம்புக்கும் இரு பக்கமும், அச்சில் வார்த்த மாதிரி ஒழுங்காக நிற்கும். அதைப் பூச்சி என்று நினைத்து மருந்தடித்தே செடியைக் கொன்றவர்கள் உண்டு. தண்டில் ஒழுங்கில்லாமல் ஒட்டியிருக்கும் உருண்டைகள்தான் செதில் பூச்சி. நகத்தால் சுரண்டினால் மூடி போலக் கழன்று வரும், சில நேரம் உள்ளே ஈரமாக இருக்கும். அது சாறு உறிஞ்சி இனிப்பாகக் கழிப்பதுதான் உங்கள் கையில் ஒட்டியது, எறும்பு வருவதும் அதைத் தேடித்தான். அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரும்பூஞ்சையும் வளரும்.

ஆனால் இந்த அளவு மஞ்சளுக்குக் காரணம் வேர்தான். வேரும் மூச்சு விட வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் சிறு சிறு இடைவெளிகளில் காற்று இருக்கிறது. அந்த இடத்தைத் தண்ணீர் நாள் கணக்கில் அடைத்துக்கொண்டால் வேர் நுனிகள் சாகும். செத்த வேரில் அழுகல் கிருமிகள் குடியேறும். வேர் போனதும் செடி தண்ணீர் குடிக்க முடியாமல் வாடும். வாடியதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம். அம்மா தண்ணீர் போதவில்லை என்று சொன்னது இலையைப் பார்த்து. அந்த நேரத்தில் இலை அப்படித்தான் தெரியும். இலையை மட்டும் பார்த்தால் தாகமா, மூழ்கலா என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் கனத்தையும் வாடையையும் கேட்டேன்.

வார இறுதியில் செடியைச் சட்டியிலிருந்து வெளியே எடுங்கள். கையில் பிடித்துக் கவிழ்த்து, சட்டியின் பக்கத்தைத் தட்டினால் கட்டியாக வந்துவிடும். நல்ல வேரை அமுக்கினால் உறுதியாக இருக்கும். அழுகியது கறுப்பாக, கொழகொழவென்று, இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வரும். ஒரு எச்சரிக்கை: பெரணியின் நல்ல வேரே இயல்பில் அடர் பழுப்பாக இருக்கும். நிறத்தை மட்டும் பார்த்து வெட்டிவிடாதீர்கள், அமுக்கிப் பாருங்கள். கொழகொழத்ததை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டுங்கள். பழைய மண்ணில் தானாக உதிர்வதை உதிர்த்துவிடுங்கள், வேரைப் போட்டுப் பீய்க்க வேண்டாம்.

மீந்த வேர் உருண்டைக்குப் பொருந்துகிற சட்டியில் வையுங்கள். முன்பு இருந்ததைவிடச் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. பெரிய சட்டியில் வேர் தொடாத மண் நனைந்தே கிடக்கும், மறுபடி அதே கதை ஆரம்பிக்கும். கலவைக்குத் தேங்காய் நார்த்தூள் இரண்டு பங்கு, கருக்கிய நெல் உமி ஒரு பங்கு, பெர்லைட் என்னும் லேசான வெள்ளைத் துகள் அல்லது சிறு மரக்கரித் துண்டு ஒரு பங்கு. நர்சரியில் 'செக்காம் பாக்கார்' என்று கேட்டால் கருக்கிய உமி தருவார்கள், விலையும் குறைவு. தோட்டத்து மண்ணை மட்டும் போட்டு நடாதீர்கள், நம் ஊர்ச் செம்மண் சட்டிக்குள் இறுகிவிடும்.

செந்தூல்_பெரியவர்

படித்துக்கொண்டே வந்தேன், ஒன்று சொல்லத் தோன்றியது. நான் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன். செம்பனை மரத்தில் ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், மட்டை வெட்டிய அடிக்கட்டைகளின் இடுக்கில் எல்லாம் பெரணி தொங்கும். வாணியின் செடிக்கு நெருங்கிய சொந்தம் அது, இரண்டும் நெஃப்ரோலெபிஸ் பேரினம். மழைக்காலத்தில் நாள் முழுவதும் அதன் மேல் தண்ணீர் கொட்டும். ஒரு இலை அழுகாது. ஏனென்றால் கொட்டிய தண்ணீர் அந்த இடுக்கில் நிற்பதில்லை. மக்கிய தூசியும் நாரும் கொஞ்சம் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மீதி கீழே ஓடிவிடும், வேரைச் சுற்றிக் காற்று எப்போதும் இருக்கும்.

தம்பி சொன்ன நார்த்தூளும் உமியும் அந்த இடுக்கைத்தான் சட்டிக்குள் உண்டாக்குகின்றன. தண்ணீர் நிறைய ஊற்றலாம், ஊற்றியது வெளியே ஓட வேண்டும். ஒரு குவளை ஒரு குவளையாகத் தினமும் ஊற்றுவதைவிட, மேல் மண் காயத் தொடங்கியதும் அடியில் வழிந்தோடும் வரை ஒரே தடவை ஊற்றுவது நல்லது.

ஆயர்ஈத்தாம்_அக்கா

பெரியவர் சொன்னது அழகு. தண்ணீர்மலை தோட்டத்தில் பெரிய பெரிய மரக்கிளைகளில் கூடு கட்டிய மாதிரி ஒரு பெரணி உட்கார்ந்திருக்குமே, அதுவும் அப்படித்தானா? மலாய்க்காரர்கள் பாக்கு லாங்சுயார் என்பார்கள். என் வீட்டில் அதுவும் ஒன்று இருக்கிறது. அதன் இலையில் நடு நரம்பிலிருந்து ஓரம் வரை பட்டை பட்டையாகப் பழுப்புக் கோடு வருகிறது. அதற்கும் தண்ணீர்தான் காரணமா?

கூழாங்கல் தட்டை எடுத்துவிட்டேன் சிவா. கொசுவோடு விளையாட முடியாது.

கெப்போங்_தோட்டக்காரன்

அக்கா, அதுவும் மரத்தில் தொற்றி வாழும் இனம்தான். ஆனால் பட்டைப் பட்டையாக, நரம்புக்கு இணையாக, ஓரம் வெட்டியது போலப் பழுப்பு வந்தால் அது பெரும்பாலும் இலைக்குள் வாழும் நூற்புழு. கண்ணுக்குத் தெரியாத புழு, நரம்பைத் தாண்ட முடியாமல் இரண்டு நரம்புகளுக்கு நடுவே தின்றுகொண்டு போவதால் அந்தப் பட்டை வடிவம். ஈரமான இலை வழியாகப் பரவும். இலையில் தண்ணீர் தெளிப்பதை உடனே நிறுத்துங்கள். பட்டை விழுந்த இலைகளை அடியோடு வெட்டிக் குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். பக்கத்துச் செடி தொடாமல் தள்ளி வையுங்கள். மண்ணுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றுங்கள். மொத்த இலையும் பாதிக்கப்பட்டிருந்தால் அந்தச் செடியை விட்டுவிடுவதே மற்றச் செடிகளுக்கு நல்லது.

மழைச்சாரல்

இடையில் என்னுடையதும் ஒன்று. மெய்டன்ஹேர் பெரணி, கோலாலம்பூரில் அலுவலக மேசை மேல், ஏர்கோன் நேராக அடிக்கும் இடம். இது மஞ்சளாகி இரண்டே நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. இதற்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டுமா?

கெப்போங்_தோட்டக்காரன்

வேண்டாம், உங்களுடையது நேர் எதிர். மொறுமொறுப்பு என்றாலே வறட்சி. மெய்டன்ஹேர் ஒரு தடவை முழுக்கக் காய்ந்தாலும் இலையை இழந்துவிடும். ஏர்கோன் காற்று படாத இடத்துக்கு மாற்றுங்கள். காய்ந்ததை எல்லாம் மண்மட்டம் வரை வெட்டிவிட்டு மண்ணை ஈரமாகவே வைத்திருங்கள். வேர் உயிரோடிருந்தால் புதுக் குருத்து விடும். மேசையிலேயே வைத்துத்தான் தீர வேண்டும் என்றால் கண்ணாடி ஜாடிக்குள் வளர்ப்பது நல்லது, உள்ளே ஈரம் அடைபட்டு நிற்கும்.

நார்த்தூள், பீட் கலவைகள் ஒரு தடவை நன்றாகக் காய்ந்தால் தண்ணீரை உள்ளே விடாது. மேலே ஊற்றியது சட்டி ஓரமாக ஓடிவந்துவிடும், நடுவில் உருண்டை காய்ந்தே இருக்கும். அப்போது சட்டியை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்தி எடுங்கள்.

ஜெலுத்தோங்_சிவா

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கிறதே, அதனால் மஞ்சளாகும் என்று ஒருவர் சொன்னார். வாளியில் பிடித்து ஓரிரவு வைத்து ஊற்றச் சொல்கிறார்கள். வாளியைத் திறந்து வைத்தால் மறுபடி கொசுதானே?

கெப்போங்_தோட்டக்காரன்

ஓரிரவு வைத்து மறுநாளே காலி செய்தால் கொசு பிரச்சினை இல்லை, மூடி வையுங்கள். ஆனால் நம் குழாயில் வரும் குளோரின் அளவுக்குப் பாஸ்டன் பெரணி மஞ்சளாகி நான் பார்த்ததில்லை. கோலாலம்பூருக்குப் பெரும்பகுதி சுங்கை சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர், பினாங்குக்குச் சுங்கை மூடா. உப்புத் தண்ணீர் கிணறு உள்ள ஊர்களில் பெரணிக்கு வரும் தொல்லை நமக்கு அவ்வளவாக இல்லை. மழைத் தண்ணீர் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் குழாயே போதும்.

ஆயர்ஈத்தாம்_அக்கா

வேரை வெட்டி மாற்றி நட்ட பிறகு செடிக்குத் தெம்பு வேண்டாமா? நான் அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள் சக்கை, முட்டை ஓடு எல்லாம் போடுவேன். என் அம்மா காலத்திலிருந்து இதுதான். செடிகள் நன்றாகத்தான் வருகின்றன.

கெப்போங்_தோட்டக்காரன்

அக்கா, தரையில் நிற்கும் ரோஜாவுக்கும் கறிவேப்பிலைக்கும் அதெல்லாம் சரி. மண்புழுவும் மழையும் மற்ற வேலையைப் பார்த்துக்கொள்ளும். சட்டிக்குள் இருக்கும் பெரணி வேறு. டீச் சக்கை மேல் மண்ணில் பூசணம் பிடிக்கும், அரிசித் தண்ணீர் புளிக்கும், இரண்டுக்கும் சின்னக் கறுப்பு ஈக்கள் வந்து மொய்க்கும். அந்த ஈயின் புழு ஈர மண்ணில் இளம் வேரைக் கடிக்கும். முட்டை ஓடு சுண்ணாம்பு, பெரணி கேட்பதோ சற்றுப் புளிப்பான மண், அமில அளவு (pH) ஏறக்குறைய 5லிருந்து 6.5 வரை. சுண்ணாம்பு ஏற ஏற இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியாமல் போகும், குருத்து வெளுக்கும்.

வேர் வெட்டிய செடிக்கு இப்போது எந்த உரமும் வேண்டாம். உறிஞ்ச வேர் இல்லாதபோது உரம் மண்ணில் உப்பாகத் தங்கி, மீந்த வேரிலிருந்து தண்ணீரை இழுக்கும்.

ஆயர்ஈத்தாம்_அக்கா

முட்டை ஓட்டை நிறுத்துகிறேன். டீச் சக்கையை விடமாட்டேன், வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கொஞ்சமாகப் போட்டால் ஈ வருவதில்லை, நான் பார்த்திருக்கிறேன்.

வாணி_பூச்சோங்

சரி, செதில் பூச்சிக்கு என்ன அடிப்பது? வேப்பெண்ணெய் வீட்டில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் சோப்பில் கலந்து அடிக்கலாமா?

கெப்போங்_தோட்டக்காரன்

கொஞ்சம் பொறுங்கள். பெரணி இலை எண்ணெயையும் சோப்பையும் அவ்வளவாகத் தாங்காது. கத்தரிக்கும் வெண்டைக்கும் அடிக்கிற அதே அளவில் அடித்தால் இலை கருகும். பாத்திர சோப்பு இன்னும் மோசம், அதில் கொழுப்பை நீக்கும் இரசாயனம் இருக்கிறது.

உங்களுக்கு இருப்பது கொஞ்சம்தான். பூச்சி அதிகம் ஒட்டிய இலைகளை அடியோடு வெட்டிவிடுங்கள். எப்படியும் அவற்றில் பாதி மஞ்சள். மீதித் தண்டுகளில் உள்ளதை, மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தெடுங்கள், இலை மேல் பரவ விடாதீர்கள். வாரம் ஒரு முறை திரும்பிப் பாருங்கள். மூடிக்கு அடியிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்து நடந்து வேறிடம் ஒட்டும், அந்த நேரத்தில்தான் அவை எளிதாகச் சாகும். அதனால் ஒரே தடவையில் முடிந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. எறும்பையும் தடுங்கள், பூச்சியைக் காவல் காப்பது அதுதான். ஸ்டூல் காலில் ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி டேப் சுற்றினாலே ஓரளவு நிற்கும்.

வேப்பெண்ணெய்தான் அடிக்க வேண்டும் என்று மனம் கேட்டால், பாதி அளவில் கலந்து, ஒரே ஒரு இலையில் மாலை நேரத்தில் அடித்து, சில நாள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

செந்தூல்_பெரியவர்

வாணி, மேற்குப் பால்கனி என்றாயே. சுவரோர நிழல் ஆண்டு முழுவதும் அதே இடத்தில் இருக்காது. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகை வடக்கே இருக்கிறது. ஜூன் மாதம் சூரியன் வடக்கே சாய்ந்து போகும், டிசம்பரில் தெற்கே. அதனால் மாலை வெயில் பால்கனிக்குள் நுழையும் கோணமும் மாறிக்கொண்டே இருக்கும். வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் ஆண்டு நடுவில் 'இவ்வளவு நாள் நன்றாக இருந்த செடி திடீரென்று வெளுத்துவிட்டது' என்பார்கள், காரணம் இதுதான். நேர் வெயில் பட்ட இலை மேல்பக்கம் மட்டும் வெளிறிப்போய், படாத பக்கம் பச்சையாக இருக்கும். அப்படித் தெரிந்தால் சட்டியை உள்ளே தள்ளு, அல்லது கறுப்பு நிழல் வலையைக் கட்டு.

வாணி_பூச்சோங் (சில வாரங்களுக்குப் பிறகு)

எல்லோருக்கும் செய்தி சொல்ல வந்தேன். வெளியே எடுத்துப் பார்த்தபோது கீழ்ப்பாதி வேர் முழுவதும் கொழகொழத்திருந்தது. மேல்பாதி அமுக்கினால் உறுதி. கெட்டதை வெட்டி, சொன்ன கலவையில், சின்னச் சட்டியில் நட்டேன். நட்டபோது சில நீண்ட மயிர் போன்ற கம்பிகள் மண்ணுக்கு வெளியே தொங்கின, வெட்டாமல் விட்டுவிட்டேன். மஞ்சள் இலைகளையும் பூச்சி ஒட்டியதையும் எடுத்த பிறகு செடி பாதிகூட இல்லை. அம்மாவுக்குப் பார்க்கவே மனம் வரவில்லை.

இப்போது நடுவிலிருந்து சுருள் குருத்துகள் நிறைய வருகின்றன, வெள்ளை மயிரோடு, நல்ல பச்சையாக. புளித்த வாடை போய்விட்டது. செதில் பூச்சி இன்னும் ஒன்றிரண்டு தென்படுகிறது, துடைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் வெட்டாமல் விட்ட சில பழைய இலைகள் வெளிர் மஞ்சளாகவே இருக்கின்றன. அவை எப்போது பச்சையாகும்? உரம் எப்போது தொடங்கலாம்? அந்தக் கம்பிகளை என்ன செய்வது?

கெப்போங்_தோட்டக்காரன்

குருத்து வந்துவிட்டது என்றால் வேர் வேலை செய்கிறது. மிக்க மகிழ்ச்சி.

ஒரு முறை மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. பாதிக்குமேல் பச்சை உள்ளதை மட்டும் விட்டுவையுங்கள், புது இலைகள் விரியும் வரை அது உணவு சமைத்துக் கொடுக்கும். விரிந்ததும் வெட்டிவிடலாம். இனி செடி நன்றாக இருக்கிறதா என்பதைப் புது இலையை வைத்து மட்டும் பாருங்கள்.

குருத்துகளில் நாலைந்து முழுதாக விரிந்த பிறகு உரம் தொடங்குங்கள். தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்தும் சமமாக உள்ள திரவ உரம், டப்பாவில் சொன்னதில் கால் பங்கு, மாதம் ஒரு முறை, அதுவும் மண் ஈரமாக இருக்கும்போது. இலை நுனி பழுப்பானால் உரம் அதிகம் என்று பொருள். அப்போது வெறும் தண்ணீரை அடியில் நன்றாக ஓடும் வரை ஊற்றி உப்பைக் கழுவிவிடுங்கள். புது இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக வந்தால் அப்போது இரும்புச்சத்தைப் பற்றிப் பேசுவோம், இப்போதைக்குத் தேவையில்லை.

கம்பிகள் ஓடு தண்டுகள். ஈரமான கலவையைத் தொட்டால் அங்கேயே வேர் விட்டுப் புதுச் செடியாகும். பக்கத்தில் ஒரு சின்னச் சட்டி வைத்து, ஒரு கம்பியின் நுனியை மண்ணில் பதித்து, ஹேர்பின்னால் குத்தி வையுங்கள். தாய்ச் செடியிலிருந்து வெட்டாதீர்கள். சின்னச் செடி சொந்தமாக இரண்டு மூன்று இலை விட்ட பிறகு பிரிக்கலாம். செதில் பூச்சி முழுக்கப் போகும் வரை அந்தச் சட்டியையும் மற்றச் செடிகளோடு சேர்க்க வேண்டாம்.

ஆயர்ஈத்தாம்_அக்கா

பிரித்ததும் ஒரு சின்னச் சட்டி எனக்கு எடுத்து வைத்துவிடு வாணி. பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூர் வருகிறேன், வந்து வாங்கிக்கொள்கிறேன். பூச்சி இல்லையே என்று நன்றாகப் பார்த்துவிட்டுக் கொடு.